அமாங் அஸ்: பழைய நண்பர்களைக் கூட்டி மறுபடி ஆட ஒரு முழுமையான வழிகாட்டி

அமாங் அஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இணையத்தில் கூடி ஆடும் இந்த ஆட்டத்தில், விண்கலம் போன்ற ஒரு இடத்தில் க்ரூமேட்டுகள் டாஸ்க் எனும் சிறு வேலைகளைச் செய்வார்கள்; அவர்களுக்குள் ஒளிந்திருக்கும் இம்போஸ்டர்கள் அவர்களைக் கொல்வார்கள்; பிணம் கிடைத்தாலோ யாராவது அவசரப் பட்டனை அழுத்தினாலோ மீட்டிங் கூடி, பேசி, வாக்களித்து ஒருவரை வெளியேற்றுவார்கள். பழைய குழுவை மறுபடி கூட்டி இதை ஆடலாம் என்று முடிவெடுத்த இரவு பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. எட்டு மணிக்குக் கூடுவதாகப் பேச்சு. ஒருவருக்கு அப்டேட் இறங்கிக்கொண்டே இருக்கும், இன்னொருவருக்கு ரூம் கோட் ஏறாது, இரண்டு பேருக்கு மைக் வேலை செய்யாது. ஒன்பதரைக்கு ஒருவழியாக முதல் ஆட்டம். பழையவர்கள் மேப் மனப்பாடமாக ஓடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர் தொடக்க அறையான கேஃபிடீரியாவை விட்டு வெளியே வருவதற்குள் செத்துப்போய், மீதி ஆட்டம் முழுக்க வேடிக்கை பார்ப்பார். மூன்றாவது ஆட்டத்துக்குள் "நாளைக்கு வேலை இருக்கு" என்று இரண்டு பேர் கிளம்பிவிடுவார்கள்.

இதை நான் பலமுறை பார்த்தாகிவிட்டது. ஆட்டத்தில் கோளாறு இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு சேர்ப்பது என்ற வரிசையில்தான் கோளாறு. கீழே இருப்பது பல இரவுகள் தடுமாறிய பிறகு எங்கள் குழுவுக்குச் சரிப்பட்டு வந்த வரிசை.

1. முதலில் தலை எண்ணுங்கள்

ஆட்டம் தொடங்கக் குறைந்தது 4 பேர் வேண்டும். அதிகபட்சம் 15 பேர். 2020-இல் ஆடிவிட்டுப் போனவர்களுக்கு 10 தான் உச்சம் என்று நினைவிருக்கும். 2021 ஜூனில் அது 15 ஆனது.

15 பேர் ஆடலாம் என்பதால் 15 பேரைக் கூப்பிட வேண்டியதில்லை. குரலில் பேசி ஆடும்போது 10 பேருக்கு மேல் போனால் மீட்டிங் சந்தைக்கடை ஆகிவிடும்; சத்தமாகப் பேசத் தெரிந்தவர் மட்டுமே ஆடுவார். நல்ல எண்ணிக்கை 8 முதல் 10 வரை. 14 பேர் வந்தால் தயங்காமல் இரண்டு ரூமாகப் பிரித்துவிடுங்கள்.

7 பேர் சேர்ந்தால்தான் 2 இம்போஸ்டர் வைக்க முடியும்; 3 வைக்க 9 பேர் வேண்டும். 4, 5 பேர் மட்டும் என்றால் ஒரே இம்போஸ்டர், இரண்டு மூன்று கொலையில் ஆட்டம் முடியும், பேசவே இடமிருக்காது. அதனால் 8 பேர் வேண்டுமானால் 10 பேரைக் கூப்பிடுங்கள். கடைசி நேரத்தில் இரண்டு பேர் எப்படியும் கழன்றுகொள்வார்கள்.

2. முந்தைய நாளே முடிக்க வேண்டியவை

கைபேசி, கணினி, கன்சோல் எல்லாவற்றிலிருந்தும் ஒரே ரூமில் சேர்ந்து ஆடலாம். ஆனால் எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். ஒருவர் அப்டேட் செய்யாவிட்டால் அவர் உள்ளே வர முடியாது. "வரமாட்டேங்குதுடா" என்ற புலம்பலுக்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் கணக்கு. ஆட்டத்துக்குள் கணக்கு வைத்து உள்நுழையும் முறை 2021-இல் வந்தது. விருந்தினராக நுழைந்தால் தட்டச்சு செய்து பேச முடியாது. ஆயத்த வாக்கியங்களைத் தேர்ந்தெடுக்கும் குயிக் சாட் மட்டும்தான் கிடைக்கும். குரலில் ஆடுபவர்களுக்கு இது பெரிய தடை இல்லை என்றாலும், யாருக்காவது மைக் போய்விட்டால் சாட்தான் கைகொடுக்கும். அதனால் எல்லோரும் உள்நுழைந்தே வரட்டும்.

"ரெடி" என்று குழுவில் எழுதுபவரை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் "ஆப் போனில் இருக்கிறது" என்பதைத்தான் அவர் சொல்கிறார். முந்தைய நாள் இரவு ஒரு லாபி (ஆட்டத்துக்கு முன் எல்லோரும் கூடும் காத்திருப்பு அறை) திறந்து ரூம் கோடை அனுப்புங்கள். ஆளாளுக்கு உள்ளே வந்து ஒரு முறை குதித்துவிட்டுப் போகட்டும். ஆளுக்கு ஒரு நிமிட வேலைதான். மறுநாள் ஒரு மணி நேரம் மிஞ்சும்.

3. குரலை ஆட்டத்துக்கு முன்பே தீர்த்துவிடுங்கள்

இதில்தான் அதிகம் கவனம் வேண்டும். இந்த ஆட்டத்தின் உயிர் மீட்டிங் பேச்சு. அந்தப் பேச்சுக்கு உயிர் கொடுப்பது அதற்கு முந்தைய மௌனம். ஆட்டம் ஓடும்போது ஒருவர் "ஐயோ" என்று கத்திவிட்டாலே போதும், யார் செத்தார், எப்போது செத்தார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். துப்பறிய ஒன்றும் மிச்சமிருக்காது.

டிஸ்கார்டோ வேறு குழு அழைப்போ, எதுவாக இருந்தாலும் விதி மூன்றே மூன்று. ஆட்டம் தொடங்கியதும் எல்லோரும் மியூட். மீட்டிங் திரை வந்ததும் உயிரோடு இருப்பவர்கள் மட்டும் மியூட் எடுக்கலாம். இறந்தவர் ஆட்டம் முடியும்வரை மியூட்டிலேயே இருக்க வேண்டும். இதை வாயால் ஒருமுறை சொன்னால் போதாது. சும்மா ஒரு ஆட்டத்தைத் தொடங்கி, பட்டனை அழுத்தி, மியூட் எடுத்து, மறுபடி போட்டு ஒத்திகை பாருங்கள். யாருக்கு மியூட் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கைபேசியில் ஆடுபவர்களுக்குத்தான் இங்கே சிக்கல். ஒரே போனில் ஆட்டமும் அழைப்பும் ஓடினால், மியூட் செய்ய ஆட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். அப்படி அடிக்கடி வெளியே போய்வந்தால் தொடர்பு அறுந்துவிடும். அந்த ஆட்டத்துக்குள் திரும்ப வரவும் முடியாது. ஆட்டம் ஒரு கருவியில், அழைப்பு இன்னொரு கருவியில் என்று பிரித்துவிடுவது நல்லது. வழியில்லை என்றால் மியூட் பட்டன் உள்ள இயர்போன் வேண்டும். டிஸ்கார்டில் சர்வரை நடத்துபவர் மற்றவர்களை மியூட் செய்யவும் முடியும். ஆனால் அவரும் ஆடிக்கொண்டிருப்பதால் மறந்துபோவார். அவரவர் மியூட் அவரவர் பொறுப்பு என்பதே எங்களுக்கு ஒத்துவந்தது.

ஒரே அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடினால் ஒருவர் மைக்கை மட்டும் திறந்து வையுங்கள். இல்லையென்றால் எதிரொலி எல்லோரையும் கொல்லும். ஒருவர் திரை மற்றவருக்குத் தெரியாதபடி உட்காருவதும் முக்கியம்.

4. லாபி திறப்பது

நல்ல இணைப்பு உள்ளவர் ஹோஸ்ட் ஆகட்டும். ரூமைப் பிரைவேட்டாகவே விடுங்கள். பப்ளிக் என்று மாறியிருந்தால் முன்பின் தெரியாதவர்கள் உள்ளே வந்து நிற்பார்கள்.

கோட் 6 எழுத்து. கோட் சரியாக இருந்தும் ஒருவரால் நுழைய முடியவில்லை என்றால், அவருடைய சர்வர் பிராந்தியத்தைப் பாருங்கள்: வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா. ஹோஸ்ட் தேர்ந்தெடுத்ததையே அவரையும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ரூம் கோடைக் குரலில் சொல்லாமல் எழுதி அனுப்புங்கள். பி-யும் டி-யும் குழம்பியே பத்து நிமிடம் போய்விடும்.

ஆட்டம் தொடங்காமல் நெடுநேரம் விட்டால் லாபி தானாக மூடிக்கொள்ளும். எனவே எல்லோரும் குரல் அழைப்பில் வந்து சேர்ந்த பிறகே லாபியைத் திறங்கள்.

நிறம் விஷயத்தில் ஒரு சின்ன ஒழுங்கு வேண்டும். முன்பு 12 நிறங்கள் இருந்தன, இப்போது 18. சிவப்பும் கோரலும், பிங்க்கும் ரோஸும் இருட்டில் ஒன்றுபோலவே தெரியும். "ரெட்தான் செஞ்சான், பார்த்தேன்" என்று சத்தியம் செய்து கோரலைத் தப்பவிட்ட மீட்டிங் எங்களுக்கு நடந்திருக்கிறது. 10 பேர்தானே, பளிச்சென்று வேறுபடும் நிறங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் பிரித்தறிய முடியாத நண்பர் இருந்தால், நிறத்தின் பெயரை எழுத்தில் காட்டும் வசதி அமைப்புகளில் இருக்கிறது.

5. முதல் இரவுக்கான அமைப்புகள்

பழையவர்கள் தங்களுக்குப் பிடித்த கடினமான அமைப்பைத்தான் உடனே போடுவார்கள். வேண்டாம். முதல் இரவின் அமைப்பு புதியவருக்காக இருக்க வேண்டும். 9, 10 பேருக்கு நான் வைப்பது இது.

மேப்: தி ஸ்கெல்ட். 14 அறைகள்தான், சுற்றிவரும் பாதை எளிது, பழையவர்களுக்கும் நன்றாக நினைவிருக்கும்.

இம்போஸ்டர்: 2. கில் கூல்டவுன் (ஒரு கொலைக்குப் பிறகு அடுத்ததற்கு இம்போஸ்டர் காத்திருக்க வேண்டிய நேரம்): 30 வினாடி. இதைவிடக் குறைத்தால், புதியவர் ஒரு டாஸ்க்கைக்கூட முடிக்காமல் சாவார். கொலைத் தூரம்: ஷார்ட். தூரம் கூடினால் எதிரே வந்தவன் எங்கிருந்து கொன்றான் என்றே புரியாது.

எமர்ஜென்சி மீட்டிங்: ஆளுக்கு 1. இரண்டு கொடுத்தால் "சும்மா சந்தேகமா இருந்துச்சு" என்று பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பார்கள்.

பேச்சு நேரம் 30 வினாடி, வாக்கு நேரம் 90 வினாடி. புதியவர் அறைப் பெயரை நினைவுபடுத்திச் சொல்ல இந்த நேரம் வேண்டும். மூன்று நிமிடம் கொடுத்தால் ஒரே வாதம் சுற்றிச் சுற்றி வரும்.

வெளியேற்றப்பட்டவர் இம்போஸ்டரா இல்லையா என்று காட்டும் அமைப்பை ஆன் செய்யுங்கள். தன் ஊகம் சரியா தப்பா என்று தெரிந்தால்தான் புதியவர் கற்றுக்கொள்வார். யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை மறைக்க வேண்டாம். வாக்கைப் படிப்பதும் ஆட்டத்தின் பாதி.

விஷுவல் டாஸ்க்கும் (செய்வது மற்றவர் கண்ணுக்குத் தெரியும் டாஸ்க்) முதல் இரவில் ஆனாகவே இருக்கட்டும். மெட்பே ஸ்கேன் எடுப்பதையோ வெபன்ஸில் விண்கல் சுடுவதையோ நேரில் பார்த்தவர், "இவன் நல்லவன்" என்று உறுதியாகச் சொல்லலாம். பேசத் தெரியாத புதியவருக்கு இது ஒரு கவசம். மூன்று நான்கு ஆட்டம் கழித்து அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் எல்லோரும் மெட்பே வாசலில் வரிசையில் நின்று பரிசோதனை நடத்துவார்கள்; ஆட்டம் சப்பென்று ஆகிவிடும்.

டாஸ்க்: பொது 1, நீளம் 1, குறுகியது 3. டாஸ்க் பார், அதாவது மொத்த வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை, மீட்டிங்கில் மட்டும் நகரட்டும். எப்போதும் நகர்ந்தால், ஒருவர் டாஸ்க் முன்னால் நின்று நடிக்கிறாரா என்பதைப் பட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

ரோல்கள் (சிறப்புத் திறன் கொண்ட பாத்திரங்கள்) அனைத்தும் 0. காரணம் பதினோராம் படியில்.

6. புதியவருக்குப் பத்து நிமிடம்

ஃப்ரீபிளே எனும் பயிற்சி முறையில் தனியாக மேப்பைச் சுற்றிப் பார்க்கலாம். பழையவர் ஒருவர் அழைப்பில் கூட இருந்து வழிகாட்ட வேண்டும். எல்லா டாஸ்க்கையும் சொல்லிக்கொடுக்க உட்காராதீர்கள், தலை சுற்றிவிடும். இந்த வரிசை போதும்.

முதலில் மேப் பட்டன். மஞ்சள் குறி உள்ள இடத்தில் தன் வேலை இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். இடப்பக்கப் பட்டியலில் ஒரு வரி மஞ்சளாக மாறினால் வேலை பாதி முடிந்தது, மிச்சம் வேறு அறையில் இருக்கிறது என்று பொருள். பச்சையானால் முடிந்தது. இது தெரியாமல் ஒரே ஒயரிங் பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து அட்மின் அறைக் கார்டு ஸ்வைப். வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் ஏற்காது. நிதானமாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். இது பொது டாஸ்க். வந்தால் எல்லா க்ரூமேட்டுக்கும் வரும், இல்லையென்றால் யாருக்கும் வராது. உங்கள் பட்டியலில் கார்டு இல்லாதபோது ஒருவர் கார்டு தேய்த்ததாகச் சொன்னால், அவர் பொய் சொல்கிறார். புதியவருக்குக் கிடைக்கும் முதல் துப்பு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பிறகு சபோட்டாஜ், அதாவது இம்போஸ்டர் செய்யும் நாசவேலை. விளக்கு போனால் எலக்ட்ரிக்கல் அறைக்குப் போய்ச் சரிசெய்ய வேண்டும். ரியாக்டர் என்றால் இரண்டு பேர் இரு பக்கமும் ஒரே நேரத்தில் கை வைக்க வேண்டும். ஆக்ஸிஜன் என்றால் ஓ2 அறை, அட்மின் இரண்டிலும் எண் அழுத்த வேண்டும். ரியாக்டருக்கும் ஆக்ஸிஜனுக்கும் யாரும் போகாவிட்டால் இம்போஸ்டர் ஜெயித்துவிடுவார். "வேறு யாராவது பார்த்துப்பாங்க" என்று எட்டு பேரும் நினைத்ததால் தோற்ற ஆட்டங்கள் எத்தனையோ.

வென்ட் (இம்போஸ்டர் புகுந்து வேறு அறைக்குப் போகும் காற்றுக்குழாய்) பாதைகளில் ஒன்றே ஒன்று போதும்: எலக்ட்ரிக்கல், மெட்பே, செக்யூரிட்டி மூன்றும் ஒரே பாதையில் இணைந்தவை. எலக்ட்ரிக்கலில் பிணம் கிடக்க, ஒருவர் மெட்பேயிலிருந்து வெளியே வந்தால் ஏன் சந்தேகப்பட வேண்டும் என்று இதை வைத்தே புரியும்.

7. முதல் மூன்று ஆட்டங்கள்

முதல் ஆட்டத்தில் புதியவரை முதலில் கொல்வதில்லை என்று பழையவர்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். முதல் மீட்டிங்வரை மட்டும்தான் இந்தச் சலுகை; அதற்கு மேல் நீடித்தால், உயிரோடு இருப்பதே அவர் இம்போஸ்டர் இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிடும். இதைப் புதியவரிடம் சொல்ல வேண்டாம்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் இரண்டு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், இம்போஸ்டர்கள் தாங்கள் செய்ததைச் சொல்லட்டும். யாரை எங்கே கொன்றோம், எப்படித் தப்பினோம் என்று. புதியவர் அதிகம் கற்றுக்கொள்வது இந்த இரண்டு நிமிடத்தில்தான். பழையவர்கள் பொறுமையிழந்து "அடுத்தது போடு, அடுத்தது போடு" என்று அவசரப்படுத்தும்போது போவதும் இதுதான். ஹோஸ்ட் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

8. மீட்டிங்கில் யார் முதலில் பேசுவது

பிணத்தைக் கண்டவர் முதலில் பேச வேண்டும். மூன்று செய்தி: எங்கே கிடந்தது, வழியில் யாரைப் பார்த்தார், தான் எங்கிருந்து வந்தார். அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. பிறகு புதியவர்களிடம் கேளுங்கள்: "நீ எங்க இருந்த, கூட யார் இருந்தா?" பழையவர்கள் கடைசியில் பேசட்டும். வரிசையை மாற்றினால், பழையவர் ஒருவர் கட்டிய கதையைத்தான் மற்றவர்கள் ஒப்பிப்பார்கள். புதியவர் கண்ட உண்மை வெளியே வராது.

அறைப் பெயர் தெரியாவிட்டால் "மேலே வலது பக்கம், சுடுற ரூம்" என்றாலும் சரிதான். அதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அடுத்த மீட்டிங்கில் அவர் பேசமாட்டார்.

எப்போது ஸ்கிப் செய்வது, அதாவது யாருக்கும் வாக்களிக்காமல் விடுவது, என்பதில் பழையவர்களே தடுமாறுகிறார்கள். இம்போஸ்டர் எண்ணிக்கையும் க்ரூமேட் எண்ணிக்கையும் சமமானால் ஆட்டம் முடிந்தது. எனவே கணக்குப் போடுங்கள். 2 இம்போஸ்டரும் உயிரோடு இருக்க, மொத்தம் 8 பேர் மிச்சம் என்றால், சான்று இல்லாமல் வாக்களிப்பதைவிட ஸ்கிப் நல்லது. 6 பேர் என்றால் ஸ்கிப் ஆபத்து. இருவரும் ஒரே நேரத்தில் கொன்றால் கதை முடிந்தது. 5 பேர் என்றால் ஸ்கிப் செய்யவே கூடாது, அடுத்த ஒரு கொலை போதும். வாக்கு சமமாகப் பிரிந்தாலும் யாரும் வெளியேறமாட்டார், அதையும் ஸ்கிப் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. இறந்த பிறகு

ஆவியாக அலைபவருக்கும் வேலை இருக்கிறது. எல்லா டாஸ்க்கும் முடிந்தால் க்ரூமேட்டுகள் வெல்வார்கள். இறந்தவர்களின் டாஸ்க்கும் அந்தக் கணக்கில் சேரும். இதைச் சொல்லாவிட்டால் முதலில் செத்தவர் போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார், நான்கு பேர் உழைத்தும் பட்டை நிரம்பாது. இறந்த இம்போஸ்டரும் சபோட்டாஜ் செய்யலாம்.

இறந்தவர்களின் சாட் உயிரோடு இருப்பவர்களுக்குத் தெரியாது. அங்கே தாராளமாகப் பேசலாம். பதறி மியூட்டை எடுத்துவிடாமல் இருக்க அதுவே நல்ல வடிகால்.

10. புதியவர் இம்போஸ்டர் ஆனால்

பெரும்பாலானோர் செய்யும் தவறு, ஆட்டம் தொடங்கியதும் நடுங்கிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பது. முன்கூட்டியே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவையுங்கள். மற்றவர்களோடு ஒரு அறைக்குப் போய் டாஸ்க் முன்னால் நில், மனத்துக்குள் ஐந்து எண்ணு, நகர். விளக்கை அணைத்துவிட்டுக் கொல்; க்ரூமேட் பார்வை சுருங்கும், உன் பார்வை சுருங்காது. வென்ட்டில் பதுங்கியிருக்கும்போது கில் கூல்டவுன் குறையாது, அதனால் அங்கேயே உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. மீட்டிங்கில் முழுப் பொய் வேண்டாம். உண்மையிலேயே போன இடத்தைச் சொல், செய்ததை மட்டும் சொல்லாதே.

சக இம்போஸ்டராக வந்த பழையவர் அவரைக் காட்டிக்கொடுத்துத் தான் தப்பக் கூடாது. முதல் இரவில் மட்டுமாவது.

11. புதியவற்றைச் சேர்க்கும் வரிசை

நான்கைந்து ஆட்டத்துக்குப் பிறகு, எல்லோரும் மேப் பட்டனைத் திறக்காமலே நடக்கத் தொடங்கியதும் சேர்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று.

முதலில் எஞ்சினியர், சயன்டிஸ்ட். 2021 நவம்பரில் வந்த ரோல்கள் இவை. எஞ்சினியர் வென்ட்டில் போகலாம். சயன்டிஸ்ட் யார் உயிரோடு இருக்கிறார் என்று எங்கிருந்தும் பார்க்கலாம். முதல் ஆட்டத்திலேயே ரோல்களை வைக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் எஞ்சினியர்தான். "வென்ட்டில் போனால் இம்போஸ்டர்" என்ற ஒரே உறுதியான விதியை அது உடைத்துவிடுகிறது. விதி மனத்தில் பதிந்த பிறகு உடைந்தால் சுவை, பதியும் முன்பே உடைந்தால் குழப்பம்.

அடுத்து, 2024-இல் வந்த நாய்ஸ்மேக்கர். அவர் கொல்லப்பட்டதும் இடம் காட்டும் எச்சரிக்கை வரும். எல்லோரும் அங்கே ஓடுவார்கள், விளக்கமே தேவைப்படாது. ஷேப்ஷிஃப்டரைக் கடைசியாக வையுங்கள். இன்னொருவர் உருவத்தை எடுத்துக் கொல்லும் இந்த ரோல் வந்துவிட்டால், "கண்ணால் பார்த்தேன்" என்ற சாட்சிக்கே மதிப்பு போய்விடும். அதைத் தாங்குமளவுக்குப் பேச்சு முதிர்ந்த குழுவுக்குத்தான் அது பொருந்தும்.

மேப்பை மாற்றும் இரவில் ரோல்களை மறுபடி 0 ஆக்குங்கள். ஸ்கெல்ட்டுக்குப் பிறகு போலஸ், பிறகு ஏர்ஷிப், 2023-இல் வந்த ஃபங்கிள். ஏர்ஷிப் மிகப் பெரியது. 7 பேருக்குக் குறைவாக ஆடினால் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஆட்டம் முடிந்துவிடும்.

2022 டிசம்பரில் வந்த ஹைட் அண்ட் சீக்கை இந்த வரிசைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இம்போஸ்டர் யார் என்று தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியும், மீட்டிங் கிடையாது, ஓடி ஒளிவதும் டாஸ்க் செய்வதும்தான். மியூட் கட்டுப்பாடும் வேண்டாம், கத்திக்கொண்டே ஆடலாம். நான்கு பேர் வந்துவிட்டார்கள், மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறோம் என்ற நேரத்துக்கு இது நல்ல தீனி. புதியவருக்கு மேப்பும் பழகும். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போன கடைசி ஆட்டத்துக்கும் இதையே போடுங்கள்.